எட்டு வாரத்தில் வளர்ந்த மூளை

தியானம் செய்தால் மூளை வளரும் என்று நம்மில் பலர் எங்கேனும் படித்திருப்போம். அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-ஜின் மன அழுத்தத் தணிப்புப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். அவர் மருத்துவர் அல்லர். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜென், விபாசனா மரபுகளில் பயின்றவர். மருந்துக்குத் தணியாத நெடுநாள் வலியுடன் வந்தவர்களுக்குச் சமயச் சாயலின்றி மூச்சைக் கவனிக்கவும், உடலை உறுப்பு உறுப்பாக உணரவும் கற்பித்தார். ஓர் உலர்திராட்சையை மெல்ல மென்று உண்பதும் பின்னாளில் அப்பாடத்தின் அடையாளமாயிற்று. வாரம் ஒரு வகுப்பு, நாள்தோறும் வீட்டில் பயிற்சி, மொத்தம் எட்டு வாரம் என்று அது நிலைபெற்றது. 1982இல் 51 நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் வலியும் மனநிலையும் அளக்கப்பட்டன. எவருடைய மூளையும் படமெடுக்கப்படவில்லை.

மூளை பிறகு வந்தது. 2003இல் ரிச்சர்ட் டேவிட்சன், கபட்-ஜின் முதலானோர், பயின்றவர்களின் மூளையில் இடப்புற முன்பகுதியின் மின்செயல்பாடு மிகுந்ததாக அறிவித்தனர். 2011இல் பிரிட்டா ஹோல்செல் குழுவினர் ஒரு படி மேலே சென்றனர். நினைவோடும் உணர்ச்சிக் கட்டுப்பாட்டோடும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் சாம்பல் நிறப் பொருளின் அடர்த்தி கூடியது என்றனர். பயின்றவர்கள் 16 பேர். முடிவு ஊரெங்கும் பரவியது, எண்ணிக்கை பரவவில்லை.

2022இல் டேவிட்சனின் விஸ்கான்சின் ஆய்வுக்குழுவே 200க்கும் மேற்பட்டோரைக் கொண்டு இதைச் சோதித்தது. எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் கட்டமைப்பு மாறியதற்குச் சான்று கிட்டவில்லை. உணர்ச்சி எழும்போது மூளை இயங்கும் விதம் மாறுமா என்பது வேறு கேள்வி.

அதே ஆண்டில் மற்றோர் ஆய்வும் வெளிவந்தது. பதற்ற நோயுடைய 276 பேரில் ஒரு பகுதியினருக்கு எஸ்சிடலோபிராம் மாத்திரை, மற்றவர்களுக்கு இப்பயிற்சி. எட்டு வார முடிவில் பயிற்சி மாத்திரைக்குச் சளைத்ததாக இல்லை.

இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூளை வளரவில்லை, பதற்றம் தணிந்தது. "இப்போது பரவாயில்லை" என்று நோயாளி சொன்ன சொல் நமக்குப் போதவில்லை. படத்தைச் சாட்சிக்கு அழைத்தோம். சாட்சி பிறழ்ந்துவிட்டது என்பதற்காக அந்தச் சொல்லையும் பொய்யென்று தள்ளிவிடுவோமானால், அது அறிவியல் செய்த பிழையன்று. நாம் செய்யும் பிழை.