பிரைட்டன்: ஒருநாள் பயணிகளின் கடற்கரை

பிரைட்டன், இங்கிலாந்தின் தென்கரையில், லண்டனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலோர நகரம். காலையில் ரயிலேறி வந்து, இரவுக்குள் வீடு திரும்பும் லண்டன்வாசிகளின் வழக்கம் இங்கே 180 ஆண்டுகளாகத் தொடர்கிறது.

தொடக்கத்தில் இங்கு வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கும் செல்வந்தர்கள். பிரைட்டெல்ம்ஸ்டன் என்ற பெயரில் புயலாலும் கடலரிப்பாலும் நலிந்துகிடந்த மீனவர் ஊருக்கு மறுவாழ்வு தந்தவர், மருத்துவர் ரிச்சர்டு ரஸ்ஸல். கடல்நீர் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என 1750இல் லத்தீனில் நூல் எழுதிய அவர், நோயாளிகளை அதில் குளிக்க மட்டுமல்ல, அதைக் குடிக்கவும் சொன்னார். 1783இல் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ், பின்னாளின் அரசர் நான்காம் ஜார்ஜ், முதன்முறை வந்தார். பிரபுக்கள் கூட்டமும் பின்தொடர்ந்தது. அவருடைய ராயல் பெவிலியன் மாளிகையைக் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் 1815 முதல் இந்தியபாணிக் குவிமாடங்களோடு மாற்றியமைத்தார். உள்ளே சீனபாணி அலங்காரம். அதே காலத்தில் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, கடலோரத்தில் மூலிகை நீராவிக் குளியலும் உடல்பிடித்தலும் நடத்திப் பெயர்பெற்றார். அரசர்கள் நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும் அவரைத் தம் பணியில் அமர்த்திக்கொண்டனர்.

1841 செப்டம்பர் 21இல் லண்டன் ரயில் வந்தது. எல்லாம் மாறியது.

குதிரை வண்டியில் ஐந்தாறு மணி நேரமான பயணம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. 1844 ஈஸ்டர் திங்களன்று மலிவுக் கட்டணச் சிறப்பு ரயில் ஒன்று 45 பெட்டிகளோடு லண்டனிலிருந்து கிளம்பியது. வழிநெடுகக் கூட்டம் சேரச்சேரப் பெட்டிகளும் கூடி, ஆறு எஞ்சின்கள் 57 பெட்டிகளை இழுத்துவந்து சேர்த்தன. கூட்டத்தின் தொல்லை பொறுக்காத விக்டோரியா அரசி 1845க்குப் பின் பெவிலியனில் தங்கவில்லை. 1850இல் நகர நிர்வாகம் அதை 53,000 பவுண்டுக்கு வாங்கியது.

வங்கி விடுமுறைச் சட்டம் 1871இல் நிறைவேறியதும் உழைக்கும் மக்களின் வரத்து மேலும் பெருகியது. அவர்களை நம்பியே கேளிக்கைகளும் முளைத்தன. கடலுக்குள் நீளும் உல்லாசப் பாலமான மேற்குப் பாலம் சட்டத்துக்கு முன்பே, 1866இல் திறக்கப்பட்டிருந்தது. அரண்மனைப் பாலம் 1899இல் வந்தது. கரையோரமாக மாக்னஸ் வோல்க் 1883இல் தொடங்கிய மின்ரயில், இன்றும் இயங்கும் மின்ரயில்களில் உலகிலேயே பழமையானது.

முதல் உலகப்போரில் பெவிலியன் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையானது. உணவு விதிகளுக்கேற்ப அங்கே ஒன்பது சமையலறைகள் இயங்கின. ஊருக்கு வெளியே குன்றில் இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் தகனம் செய்யப்பட்ட இடத்தில் 1921இல் ‘சத்ரி’ நினைவுமண்டபம் எழுந்தது.

இன்று லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். நிலையத்திலிருந்து குயின்ஸ் சாலை நேரே கூழாங்கல் கடற்கரைக்கு இறங்குகிறது. 1975இல் மூடப்பட்ட மேற்குப் பாலம், 2003 தீவிபத்துகளுக்குப் பின் இரும்புச் சட்டகமாக நிற்கிறது. அரண்மனைப் பாலமோ 2024 கோடையில் வெளியூர்க்காரர்களிடம் ஒரு பவுண்டு நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது, உள்ளூர்வாசிகளுக்கு விலக்கு.