மஞ்சேரிக்குச் சென்ற தமிழர்



புதுச்சேரியிலிருந்து மங்களூர் செல்லும் இரயில் நமது விழுப்புரம் சந்திப்பில் நின்று, பின்னர் ஷொர்ணூர், கோழிக்கோடு வழியாக மலபாரைக் கடந்து செல்கிறது. அந்த வண்டியைக் காணும்போதெல்லாம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்களின் நினைவு நமக்கு வருவதுண்டு. சில நாட்களுக்கு முன் திண்டிவனத்து மதரஸாவில் அவர்களைப் பற்றிப் பாடம் நடத்தியபோது ஒரு மாணவன் கேட்டான்: “ஹஜ்ரத், அவங்க திருநெல்வேலிக்காரங்கதானே? மலையாளத்து மக்கள் எதுக்கு அவங்களுக்கு ஓட்டுப் போட்டாங்க?” நியாயமான கேள்வி. அதற்குரிய விடையை இங்கே சற்று விரிவாகக் கூறுகிறோம்.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர் காயிதே மில்லத். 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அந்த மாகாணத்தின் எல்லையை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். நமது தென்னார்க்காடு மாவட்டம் அதில் இருந்தது போலவே மலபார் மாவட்டமும் இருந்தது. திண்டிவனத்திற்கும் மஞ்சேரிக்கும் அன்று ஒரே சட்டமன்றம், ஒரே தலைநகரம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் மலபார் கேரளத்துடன் இணைந்தது. ஆகவே காயிதே மில்லத் அங்கு அந்நியராகச் சென்றவர் அல்லர். ஏற்கெனவே ஒன்றாக உழைத்த உறவுகளுக்கு நடுவே பின்னாளில் ஒரு மாநில எல்லை வந்தது.

அந்த உறவு மிகக் கடினமான காலத்தில் சோதிக்கப்பட்டது. 1947இல் நாடு பிரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், இயக்கத்தை இரு நாடுகளுக்கும் உரியதாகப் பிரித்தது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலீ கான் அமைப்பாளரானார். இந்தியாவுக்கு நம் இஸ்மாயில் ஸாஹிப். முன்னணித் தலைவர்கள் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டனர். எஞ்சியிருந்த முஸ்லிம்கள் மீது ஐயப் பார்வை விழுந்திருந்தது. இயக்கத்தைக் கலைத்துவிடுவதே நல்லது என்று சமுதாயத்திற்குள்ளேயே பலர் கருதினர். அந்தச் சூழலில் 1948 மார்ச் 10 அன்று சென்னையில், இன்று இராஜாஜி மண்டபம் என அறியப்படும் இடத்தில், இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. அதன் முதல் தலைவர் காயிதே மில்லத். அந்த இயக்கம் உறுதியாக வேர் பிடித்த மண் மலபார். கொயிலாண்டியைச் சேர்ந்த ஸையித் அப்துர் ரஹ்மான் பாஃபக்கி தங்ஙளும், கோழிக்கோட்டு சி.எச். முஹம்மது கோயாவும் அங்கே அதன் தூண்களாக நின்றனர்.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு 1948 நவம்பரில் விவாதத்திற்கு வந்தபோது, தனக்குரிய தனியார் சட்டத்தைக் கைவிடும்படி எந்தச் சமூகமும் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டு வந்தார். அத்திருத்தம் ஏற்கப்படவில்லை. எனினும் நிக்காஹ், தலாக், வாரிசுரிமை போன்றவற்றில் தங்களுக்காக ஒருவர் பேசினார் என்பதை இந்நாட்டு முஸ்லிம்கள் மறக்கவில்லை. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும் இருந்தார்.

பின்னர் 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் வந்தது. மக்களவைக்கு நாட்டின் எந்தத் தொகுதியிலும் நிற்கச் சட்டம் இடமளிக்கிறது. தமிழ்நாட்டவரான காயிதே மில்லத் மஞ்சேரியில் நின்றார், மக்கள் வெற்றியளித்தனர். 1967இலும் 1971இலும் அதே மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். தொகுதிக்கு வாக்குக் கேட்டுச் செல்லாமலேயே அவர் வென்றார் என்று நம் சமுதாய மேடைகளில் இன்றும் பெருமையோடு கூறுவர். அவர் தாய்மொழி தமிழ், அம்மக்களின் தாய்மொழி மலையாளம். இருந்தும் இருவருக்கும் இடையே அமானிதம் என்னும் நம்பிக்கை இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

மலபார் மக்கள் இதனை ஒரு மனிதரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெங்களூரில் பிறந்த இப்ராஹீம் சுலைமான் சேட்டையும், பம்பாயைச் சேர்ந்த ஜி.எம். பனாத்வாலாவையும் பின்னர் பலமுறை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 1972 ஏப்ரல் 5 அன்று காயிதே மில்லத் சென்னையில் வஃபாத்தானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கப்பட்டார். அவருக்குப்பின் தலைமைப் பொறுப்பு மலபாரின் பாஃபக்கி தங்ஙளிடம் சென்றது. தமிழர் தலைமையை அவர்கள் ஏற்றார்கள்; அவர்கள் தலைமையைத் தமிழர்கள் ஏற்றார்கள்.

அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் நம் முன்னோரில் இருந்தனர். காங்கிரஸில் நின்ற ஆலிம்களும் உண்டு. அது அவரவர் தேர்வு. நாம் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புவது அந்த உறவின் தன்மையை மட்டுமே. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாக இணைத்தபோது, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) துஆ செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார். கொடுக்க ஒருவர் தயங்கவில்லை. சுமையாக இருக்க மற்றவர் விரும்பவில்லை. வந்தவருக்கும் வரவேற்றவருக்கும் அங்கே பாடம் இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழ் பேசும் வீடுகளும் உருது பேசும் வீடுகளும் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஆயினும் சம்பந்தம் பேசும்போதும், ஜமாஅத் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் “அவங்க வேற, நாம வேற” என்ற சொல் இன்னும் காதில் விழுகிறது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த இளைஞர்கள் ஜும்ஆவுக்கு வந்து கடைசி ஸஃப்பில் நின்று, ஸலாம் கொடுத்ததும் கலைந்து போகிறார்கள். அவர்கள் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நாமும் கேட்டதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

வேறு மொழி பேசிய ஒருவரைத் தம் பிரதிநிதியாகவே மூன்று முறை அனுப்பினர் மஞ்சேரி மக்கள். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிதல்ல. வரும் வெள்ளிக்கிழமை பக்கத்தில் நிற்கும் வெளியூர்ச் சகோதரனிடம் முஸாஃபஹா செய்து, பெயர் கேட்டு, ஒரு வேளை உணவுக்கு வீட்டுக்கு அழைப்போம். அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக, ஆமீன்.