அடுத்தடுத்த சரளைக் குவாரிகளின் கூட்டு விளைவு: கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ஆறு தரும் சான்று

ஒரே ஆற்றை ஒட்டி அடுத்தடுத்து இயங்கும் சரளைக் குவாரிகளைத் தனித்தனியே மதிப்பிட்டு, ஒவ்வொன்றின் பாதிப்பும் சிறிதே எனச் சான்றளிக்கும் நடைமுறை, ஆறு மொத்தமாகச் சுமக்கும் இழப்பை எந்த ஆவணத்திலும் இடம்பெறாமல் செய்துவிடுகிறது. இக்குறையின் வேர் கணக்கீட்டில் இல்லை. எதை ஓர் அலகாகக் கொண்டு அளப்பது என்ற தொடக்க முடிவிலேயே உள்ளது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் வட எல்லையான சொனோமா மாவட்டத்தில் ஓடும் ரஷ்யன் ஆறு இதற்குத் தெளிவான சான்று.

ஹீல்ட்ஸ்பர்க் நகரை அடுத்த ஆற்றுப்பகுதியில் 1950களிலும் 1960களிலும் படுகையிலேயே குழிதோண்டிச் சரளை எடுக்கப்பட்டதன் விளைவாக, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுகை 3 முதல் 6 மீட்டர் வரை தாழ்ந்ததைப் பெர்க்லி பல்கலைக்கழகப் புவியியலாளர் மத்தியாஸ் கொண்டால்ஃப் 1997-இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ளார். இந்த 11 கிலோமீட்டரில் எந்தக் குழியின் எல்லை எங்கே முடிந்தது என்று படுகையைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. படுகையில் தோண்டப்படும் குழி இரு திசைகளிலும் வேலை செய்வதே இதற்குக் காரணம். குழியின் மேல்விளிம்பில் உண்டாகும் செங்குத்தான சரிவை நீரோட்டம் அரித்தரித்து மேல்நோக்கி நகர்த்துகிறது. குழியிலேயே தன் மணலையும் கல்லையும் இறக்கிவிட்டுச் சுமையின்றிக் கீழே செல்லும் நீரோ, கொண்டால்ஃப் ‘பசித்த நீர்’ என்று குறிப்பிடும் நிலையை அடைந்து, தான் இழந்த சுமையைக் கீழ்ப்படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. எனவே மேலே ஒரு குழியும் கீழே ஒரு குழியும் இருக்குமானால், இடைப்பட்ட படுகை இரு பக்கமும் அரிபடுகிறது. ஆற்றின் மேற்பகுதியிலும் அதன் துணையாறான டிரை கிரீக்கிலும் எழுந்த அணைகள் சரளை வரத்தை மறித்ததால், தோண்டிய இடத்தை ஆறு தானே நிரப்பிக்கொள்ளும் வாய்ப்பும் சுருங்கியது.

எல்லா விளைவுகளும் ஒரே விதமாகக் கூடுவதில்லை என்பதை மதிப்பீட்டாளர்கள் போதிய அளவு பிரித்துக் காட்டுவதில்லை. காற்றில் பரவும் தூசியையும் சாலையில் ஓடும் லாரிகளையும் பெரும்பாலும் நேராகவே கூட்டிவிடலாம். நிலத்தடி நீர்மட்டத் தாழ்வைக் கூட்டுவதற்கு, குழிகள் அனைத்தும் ஒரே நீர்த்தாங்கியில், அதாவது நீரைத் தேக்கித் தரும் ஒரே மண்ணடுக்கில், அமைந்துள்ளனவா என்பதை முதலில் அறிய வேண்டும். படுகை அரிப்போ இவ்விரு கணக்குகளுக்கும் அடங்காது. அங்கே ஒரு குழியின் விளைவு அடுத்த குழியின் விளைவை வளர்க்கிறது. ரஷ்யன் ஆற்றில் இது ஏட்டளவிலான வேறுபாடு அன்று. சொனோமா, மரின் மாவட்டங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் செல்லும் குடிநீர், இவ்வாற்றுச் சரளையில் இயற்கையாக வடிகட்டப்பட்டே இறைக்கப்படுகிறது.

தனித்தனியே சிறியவையும் சேர்ந்து நோக்குங்கால் கணிசமானவையுமான விளைவுகளை ஆராயவேண்டும் என்று கலிஃபோர்னியாவின் 1970-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழான நெறிமுறைகள் விதிக்கின்றன. மொத்த மாசில் தன் பங்கு மிகச் சொற்பம் என்று காட்டித் தப்பும் வாதத்தை, ஹான்ஃபோர்ட் நகர மின்நிலைய வழக்கில் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-இல் நிராகரித்தது. சூழல் எந்த அளவு சீர்கெட்டிருக்கிறதோ அந்த அளவுக்குப் புதிய திட்டத்தின் விகிதம் சிறிதாகத் தோன்றும் என்பதால், இத்தீர்ப்பு குவாரிகளுக்கும் முழுமையாகப் பொருந்தும். ஆயினும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. மதிப்பீடு தொடங்கும் நாளில் நிலவும் நிலையே பொதுவாக அடிப்படை நிலையாகக் கொள்ளப்படுவதால், முன்னரே தாழ்ந்துவிட்ட படுகை இயல்பானதாகப் பதிவாகி, பழைய குவாரிகளின் பங்கு கணக்கிலிருந்து மறைகிறது. ஆற்றின் குறுக்குவெட்டு அளவீடுகள் எத்தனை பழையனவாகக் கிடைக்கின்றனவோ அத்தனையையும் அடிப்படை நிலையில் சேர்ப்பதே முறையாகும்.

திட்டந்தோறும் ஆராய்வதைக் கடந்து, வட்டார அளவில் திட்டமிட்டதும் இப்பகுதியிலேயே நிகழ்ந்தது. சொனோமா மாவட்டம் 1980-இல் வகுத்து 1994-இல் திருத்திய சரளை வள மேலாண்மைத் திட்டம், ஆற்றங்கரைக் குழிகளைக் குறைத்து மலைக் குவாரிகளை நோக்கி உற்பத்தியை நகர்த்த முனைந்தது. அலமேடா மாவட்டம் 1981-இல் லிவர்மோர்-அமடோர் பள்ளத்தாக்குக்கு இயற்றிய திட்டம், பல நிறுவனங்களின் குழிகளை ஒன்றோடொன்று இணைந்த ஏரித் தொடராக்கி, நிலத்தடி நீர்ச் செறிவூட்டலுக்கும் நீர் மேலாண்மைக்கும் பயன்படுத்தும் பொருட்டு ஸோன் 7 நீர் முகமையிடம் ஒப்படைக்க வழிவகுத்தது. இவ்விரண்டிலும் வட்டாரமே அலகாயிற்று. இதற்கு மாறாக, டெக்சாஸில் கலிஃபோர்னியாவில் உள்ளது போன்ற மாநிலச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுச் சட்டமே இல்லை. 2011-இல் வந்த சட்டம் குவாரிகளைப் பதிவு செய்யச் சொல்கிறதே தவிர, அவற்றின் கூட்டு விளைவை ஆராயச் சொல்வதில்லை.

தனித்தனியே மதிப்பிடும் இதே சிக்கல் இந்தியாவிலும் எழுந்தது. குவாரி நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி ஆய்விலிருந்து தப்புவதை இந்திய உச்ச நீதிமன்றம் 2012-இல் தீபக் குமார் வழக்கில் கண்டித்தது. அதன்பின் வந்த மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு அறிவிக்கை, 500 மீட்டருக்குள் அமைந்த ஒரே வகைக் கனிமக் குத்தகைகளை ஒரு தொகுப்பாகக் கருதச் சொல்கிறது. தூசிக்கு இவ்வரையறை ஓரளவு பொருந்தக்கூடும். 11 கிலோமீட்டர் தூரம் படுகை தாழ்ந்த ஓர் ஆற்றின் அனுபவத்தின் முன் அது போதாது. ஆற்றையொட்டிய குத்தகைகளுக்கு அந்த 500 மீட்டரைக் கைவிட்டு, படுகையின் ஒரு தொடர்பகுதியையும் அதன் நீர்த்தாங்கியையும் தொகுப்பின் எல்லையாக்க வேண்டும். அதே அறிவிக்கை கட்டாயமாக்கியுள்ள மாவட்ட ஆய்வறிக்கையிலேயே அவ்வெல்லை வரையப்பட வேண்டும்.