‘தவிர’ என்னும் சொல்

சட்டமன்றங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பேச்சாளர்களின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். யார் முழங்கினார், யார் வெளிநடப்புச் செய்தார், யாருடைய ஆட்சி கவிழ்ந்தது என்பனவே நம் நினைவில் நிற்கின்றன. ஓர் உறுப்பினர் கொணர்ந்த மசோதாக்களைக் கையிலெடுத்து, பிரிவு பிரிவாகப் படித்து, எந்தச் சொல் யாரைக் காத்தது, எந்தச் சொல் யாரைக் கைவிட்டது என்று பார்ப்போர் மிகச் சிலரே. சுவையற்ற வேலைதான். ஆயினும் ஏழையின் வாழ்வும் சாவும் பல வேளைகளில் அத்தகைய ஒரு சொல்லைப் பொறுத்தே அமைந்துவிடுகின்றன. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் 1904 முதல் 1915 வரை உறுப்பினராய் இருந்த ஆல்ஃபிரட் ஸ்மித் என்னும் கத்தோலிக்கரின் பணியை இந்தக் கண்கொண்டு பார்ப்போம். மக்கள் அவரை ஆல் ஸ்மித் என்றே அழைத்தனர்.

முதலில் ஒரு தீவிபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நியூயார்க் நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் இயங்கிய ‘டிரையாங்கிள்’ என்ற ஆடைத் தொழிற்சாலையில், வேலை முடியும் நேரத்தில் தீப்பற்றியது. துணிக்கழிவில் பிடித்த தீ சில நிமிடங்களுக்குள் மூன்று தளங்களையும் சூழ்ந்துகொண்டது. ஒன்பதாம் தளத்தில் படிக்கட்டுக்குச் செல்லும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. வீடு திரும்பும் பெண்கள் துணி எதையும் எடுத்துச் செல்கிறார்களா என்று பையைச் சோதிப்பதற்காக எல்லாரையும் ஒரே வழியாய் வெளியே அனுப்புவது அங்கு வழக்கம். தீயணைப்புப் படையினரின் ஏணி ஆறாம் தளம் வரைதான் எட்டியது. வெளிச்சுவரில் இருந்த இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. 146 பேர் மாண்டனர். அவர்களுள் 123 பேர் பெண்கள். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் இளம் பெண்கள், கத்தோலிக்கரும் யூதருமாய், ஒரே அறையில் ஒரே வகை ஆடையைத் தைத்தவர்கள். கட்டடமோ தீயால் அழியாதபடி கட்டப்பட்டது. அது இன்றும் அங்கேயே நிற்கிறது.

கதவைப் பூட்டக் கூடாது என்று அன்று சட்டம் இல்லையா? இருந்தது. மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 80ஆம் பிரிவு, வேலை நேரத்தில் கதவுகளைப் பூட்டலாகாது என்றும், அவை வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றும் கூறியது. ஆனால் வெளிப்புறமாகத் திறப்பதைப் பற்றிய வரியில் ‘இயன்ற இடத்தில்’ என்று பொருள்படும் ஒரு சிறு தொடர் நுழைந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் கதவை ஒட்டியே படிகள் தொடங்கின. எனவே அங்கு இயலாது என்று விட்டுவிட்டார்கள். உட்புறமாகத் திறக்கும் கதவின்மீது உயிருக்கு அஞ்சிய கூட்டம் நெருக்கியடித்தால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் உரிமையாளர் இருவரும் விடுதலையாயினர். கதவு பூட்டியிருந்தது அவ்வேளையில் அவர்களுக்குத் தெரியும் என்பது ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆல் ஸ்மித் அப்போது சட்டமன்றத்தின் கீழவையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். இறந்தவர்களுள் பலர் அவருடைய தொகுதியைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அவர் அந்த வீடுகளுக்குச் சென்றார். பிணங்களை அடையாளம் காட்ட வேண்டியிருந்த குடும்பத்தாருடன் பிணவறைக்கும் சென்றார். நல்ல பங்குத்தந்தையும் நல்ல அயலாரும் இதைச் செய்வர். ஆனால் மற்றவர் பலர் கண்ணீரோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் இவருக்கு வேலை தொடங்கியது. அதற்கு அவரை ஆயத்தம் செய்தது எது என்பது நம் கவனத்துக்கு உரியது.

1873இல் நியூயார்க் துறைமுகத்தை அடுத்த ஏழைத் தெரு ஒன்றில் பிறந்தவர் ஸ்மித். புனித யாகப்பர் பங்கில் பீடச்சிறுவனாய் இருந்தார். பங்குப் பள்ளியில் படித்தார். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தார். அடக்கம் முடிந்த கையோடு தாய் குடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். மகன் எட்டாம் வகுப்பை முடிக்குமுன்பே படிப்பை விட்டான். பின்னர் ஃபுல்டன் மீன் சந்தையில் வாரம் 12 டாலர் சம்பளத்தில் சில ஆண்டுகள் வேலை. பின்னாளில் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் தாம் பயின்ற பல்கலைக்கழகங்களைப் பெருமையோடு சொல்லிக்கொண்ட ஒரு நாளில், தாம் ‘எஃப்.எஃப்.எம்.’ பட்டம் பெற்றவர் என்றாராம். ஃபுல்டன் ஃபிஷ் மார்க்கெட் என்பதன் சுருக்கம் அது.

அவரை அவைக்கு அனுப்பியது டாமனி ஹால் என்னும் கட்சி அமைப்பு. கையூட்டுக்கும் வாக்கு வாணிகத்துக்கும் பேர்போன அமைப்பு அது. இதை மறைத்து எழுதினால் வரலாறாகாது. முதல் ஆண்டுகளில் ஸ்மித் பின்வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். கட்சி சொன்னபடி கை தூக்கினார். மேசைமீது குவிந்த மசோதாக்கள் அவருக்குச் சிறிதும் விளங்கவில்லை. இரண்டு வகை மீன்களைக் கண்ணைப் பார்த்தே பிரித்தறியத் தெரிந்த தமக்கு, மசோதாவையும் வைக்கோல் கட்டையும் பிரித்தறியத் தெரியவில்லை என்று நண்பர்களிடம் சொல்லி வருந்தினாராம். பதவியை விட்டு விலகவும் எண்ணினார். பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தார்: ஒவ்வொன்றையும் படித்துவிடுவது.

மற்றவர்கள் மாலையில் மதுக்கடைக்கும் சீட்டாட்டத்துக்கும் சென்றபோது, இவர் தங்கும் அறையில் மசோதாக்களை விரித்துவைத்து, அவை திருத்த முனைந்த பழைய சட்டங்களையும் எடுத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் படித்தார். பாலங்களுக்கும் சிறைகளுக்கும் மனநோய் மருத்துவமனைகளுக்கும் ஒதுக்கப்பட்ட தொகைகள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அடுக்கப்பட்டிருக்கும் வரவுசெலவு மசோதாவையும் விடவில்லை. ஆண்டுகள் சென்றன. மாநில அரசு எப்படி இயங்குகிறது என்பதை அவரளவு அறிந்தவர் அவையில் ஒருவரும் இல்லை என்று எதிர்க்கட்சியினரே ஒப்புக்கொள்ளும் நிலை வந்தது. இந்த இரவுப் படிப்பை ஒரு தவம் என்றே நாம் கருதுகிறோம். இதற்குக் கைதட்டுவார் இல்லை. புனிதர் வரலாறுகளில் இத்தகைய தவம் இடம்பெறுவதும் இல்லை.

அந்தப் படிப்பின் பயன் தீவிபத்துக்குப் பின் தெரிந்தது. அதிர்ச்சியுற்ற நகரப் பெருமக்கள், மதிப்புக்குரிய குடிமக்களைக் கொண்ட விசாரணைக் குழு ஒன்று வேண்டுமென்று கேட்டனர். சமூகப் பணியாளரான பிரான்செஸ் பெர்கின்ஸ் அம்மையார் அவர்களுடன் இருந்தார்; பெண்கள் மேல்தளங்களிலிருந்து குதித்ததைத் தெருவில் நின்று கண்ணால் கண்டவர் அவர். ஸ்மித் அவர்களுக்குச் சொன்ன அறிவுரை வேறு. பெருமக்கள் குழுவின் அறிக்கையைச் சட்டமன்றம் வாங்கி வைத்துக்கொள்ளும். சட்டமன்றமே குழு அமைத்து, அதன் உறுப்பினர்களே மசோதாக்களைக் கொணர்ந்தால், அவற்றைத் தன் பிள்ளைகளாகக் கருதிக் காக்கும். இது மனித இயல்பை அறிந்த ஒருவர் சொல்லக்கூடிய சொல். கீழவையில் ஸ்மித்தும் மேலவையில் இராபர்ட் வாக்னரும் மசோதாவைக் கொணர்ந்தனர். 1911 ஜூன் 30 அன்று அது சட்டமாகி, தொழிற்சாலை விசாரணைக் குழு பிறந்தது. வாக்னர் தலைவர், ஸ்மித் துணைத்தலைவர், மொத்தம் ஒன்பது பேர்.

குழு அறைக்குள் அமர்ந்து விசாரிக்கவில்லை. முதலாண்டிலேயே 200க்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. 1,800க்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் ஆய்வு செய்யப்பட்டன. ஆபர்ன் நகரின் கயிற்று ஆலையில் பத்து மணி நேர இரவு வேலை முடித்து விடியலில் வெளிவரும் பெண்களைப் பார்க்க ஸ்மித்தை அழைத்துச் சென்றார் பெர்கின்ஸ். வாக்னரை, சுவரில் இருந்த சிறு துளை வழியாகத் தவழ்ந்து, பனி உறைந்த ஏணி ஒன்றில் இறங்க வைத்தார். தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே அந்த ஏணி முடிந்துவிட்டது. ‘தீக்கால வழி’ என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள்! காய்கனிகளை டப்பாக்களில் அடைக்கும் தொழிற்சாலைகளின் கொட்டகைகளில் ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் அவரை நறுக்கிக்கொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் இருந்ததைக் குழுவினர் நேரில் கண்டனர்.

1914க்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. தீத்தடுப்புப் பயிற்சி, உயர்ந்த கட்டடங்களில் தானாக நீர் தெளிக்கும் குழாய்கள், தொழிற்சாலைகளைப் பதிவு செய்தல், பெண்களுக்கு இருக்கை, கைகழுவும் வசதி, மகப்பேற்றுக்குப் பின் நான்கு வாரங்களுக்குத் தாயை வேலைக்கு அமர்த்தத் தடை என அவை பலவகை. 1913இல் ஸ்மித் அவைத்தலைவராக இருந்த ஆண்டில்தான் இவற்றுள் பெரும்பகுதி நிறைவேறியது. பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டு வந்தது. அத்தகைய சட்டம் ஒன்றை 1907இல் மாநில உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியிருந்தது. 1915இல் அதே நீதிமன்றம் புதிய சட்டத்தை ஏற்றது. விசாரணைக் குழு திரட்டிய சான்றுகள் முன்பு தம் முன் இல்லை என்பதை நீதிபதிகள் குறிப்பிட்டனர். ஆபர்ன் ஆலை வாசலில் ஒரு விடியற்காலை நின்றது வீண்போகவில்லை.

இனி நம் தலைப்புக்கு வருவோம். 1912இல் பெண்களின் வார வேலையை 54 மணியாகக் குறைக்கும் மசோதா வேறு உறுப்பினர்களால் கொண்டுவரப்பட்டது. டப்பா உணவுத் தொழிற்சாலைகள் தவிர என்ற விலக்கைச் சேர்த்தால்தான் அது நிறைவேறும் என்ற நிலையில், பெர்கின்ஸ் அம்மையார் மிகுந்த மனப்போராட்டத்துடன் அதை ஏற்றுக்கொண்டார். பல இலட்சம் பெண்களுக்குக் கிடைப்பதைச் சில ஆயிரம் பேருக்காக இழப்பதா என்பது அவர் கேள்வி. அதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒருமுறை திறந்த அந்தத் துளை வழியாக முதலாளிகள் மீண்டும் மீண்டும் நுழையப் பார்த்தனர். பழம் அழுகிவிடும், அறுவடை காத்திருக்காது என்பது அவர்கள் வாதம். ஏழு நாள்களில் ஒரு நாள் ஓய்வு என்ற சட்டத்திலிருந்தும் தமக்கு விலக்கு வேண்டுமென்று கேட்டனர். ஸ்மித் எழுந்து மிகச் சுருக்கமாகப் பேசினார். ஓய்வுநாளைப் புனிதமாகக் காக்கச் சொல்லும் கட்டளையைத் தாம் கவனமாகப் படித்துப் பார்த்ததாகவும், டப்பா உணவுத் தொழிற்சாலைகள் தவிர என்ற சொற்கள் அதில் எங்கும் தமக்குத் தென்படவில்லை என்றும் கூறி அமர்ந்துவிட்டார்.

பத்துக் கட்டளைகளில் மூன்றாவதை அவர் ஒரு மசோதாவைப் படிப்பதுபோலவே படித்திருக்கிறார்! பீடச்சிறுவன் கற்ற மறைக்கல்வியும் இரவு விளக்கடியில் கற்ற சட்டக் கல்வியும் அந்த ஒரு வாக்கியத்தில் சந்திக்கின்றன.

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடல், ஞாயிறு ஓய்வையும், வேலை நேரத்துக்கு வரம்பையும், பிஞ்சு உடல்களைத் தொழிற்சாலைக்குள் தள்ளாதிருப்பதையும் வற்புறுத்தியது. நாம் குருமடத்தில் பத்தி பத்தியாகப் படித்துத் தேர்வெழுதிய சுற்றுமடல் அது. ஸ்மித் அதைப் படித்திருந்தாரா? 1927இல், அவர் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோது, வழக்கறிஞர் ஒருவர் ஓர் இதழில் திறந்த மடல் எழுதி, திருத்தந்தையரின் சுற்றுமடல்களை மேற்கோள் காட்டி, கத்தோலிக்கர் ஒருவர் நாட்டுக்கு உண்மையாய் இருக்க முடியுமா என்று கேட்டார். சுற்றுமடல் என்றால் என்னவென்று யாராவது சொல்லுங்களேன் என்று ஸ்மித் அலுத்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. அருள்தந்தை பிரான்சிஸ் டஃபியின் துணையோடுதான் அவர் மறுமொழி எழுதினார். கதை முழுதும் உண்மையோ அல்லவோ, சுற்றுமடல்களை நுனிநாவில் வைத்திருக்கும் நம்மைப் போன்றோரைச் சற்றே நெளியவைக்கும் கதைதான்.

அவரைப் புனிதராக்குவது நம் நோக்கமன்று. டாமனி ஹாலின் தலைவர் மர்ஃபி இந்த மசோதாக்களுக்கு வழிவிட்டதில் வாக்குக் கணக்கும் இருந்தது. பின்னாளில், 1928 குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றபின், செல்வர்களோடு சேர்ந்து 1936இல் ரூஸ்வெல்ட்டின் சீர்திருத்தங்களையே எதிர்த்துப் பேசினார் ஸ்மித். அவருடன் ஆலை ஆலையாய் அலைந்த வாக்னரும் பெர்கின்ஸும் அந்தச் சீர்திருத்தங்களை முன்னின்று நடத்திக்கொண்டிருந்த காலம் அது.

அவருடைய கடைசிச் சட்டமன்ற ஆண்டாகிய 1915இல் ஒரு மசோதா வந்தது. கணவனை இழந்த ஏழைத் தாய்க்கு, பிள்ளைகளைத் தன்னிடமே வைத்து வளர்க்க அரசு உதவித்தொகை வழங்க வேண்டும் என்பது அது. தனியார் அறநிறுவனங்கள் பல அதை எதிர்த்தன. ஈகை தங்கள் கையை விட்டுப் போகிறதே என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. ஸ்மித் அதை ஆதரித்து அவையில் பேசினார். தந்தை இறந்ததும் தாய் நீதிமன்றத்தில் நிற்கிறாள். வறுமை என்ற ஒரே குற்றத்துக்காக அரசு பிள்ளையை அவளிடமிருந்து பிரித்து விடுதிக்கு அனுப்புகிறது. பின்பு அந்த விடுதிக்கு அதே அரசு பணம் கொடுக்கிறது. தாயிடமே கொடுத்தால் என்ன என்று கேட்டார். குடைத் தொழிற்சாலைக்குப் போன தம் தாயை அவர் அங்கு பெயர் சொல்லவில்லை. மசோதா நிறைவேறியது. கைம்பெண்களுக்கு மட்டும் என்றது சட்டம். கணவன் கைவிட்டுப்போன பெண்கள் அதில் சேரவில்லை. இறந்த கணவன் அமெரிக்கக் குடிமகனாய் இருந்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி அதில் இருந்தது.