நொடியைச் செதுக்கியவர்கள்

2009 ஜூனில் நின்டெண்டோ நிறுவனம் தன் வீ விளையாட்டுக் கருவிக்கு ஒரு துணைப் பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் வீ மோஷன் பிளஸ். ரிமோட்டின் அடியில் செருகிக்கொள்ளும் சின்ன வெள்ளை பிளாஸ்டிக் டப்பா அது. பிடித்திருக்கும் கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை உள்ளே இருந்த ஜைரோ சென்சார்கள் உணர்ந்து சொல்லும். வரவேற்பறையில் நின்றபடி வாள் வீசவும் வில் வளைக்கவும் செய்யப்பட்ட பொருள். அடுத்த ஆண்டே பிரான்சைச் சேர்ந்த அலெக்சாந்தர் துபு என்ற ஆர்வலர் அதைப் பிரித்து வானத்துக்கு அனுப்பினார். முதலில் மூன்று மோட்டார் வைத்த ஒரு பறவையில், அதாவது ட்ரோனில், பொருத்தினார். பிறகு அது நான்கு மோட்டாருக்கும் விரிந்தது. அதற்காக எழுதிய நிரலுக்கு மல்டிவீ என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்.

செய்முறை எளிது. நின்டெண்டோவின் திருகாணிகளுக்கு மூன்று பிளவு கொண்ட தனி ஸ்குரூ டிரைவர் வேண்டும். டப்பாவைத் திறந்து சிறிய போர்டை வெளியே எடுத்து, மின்சாரத்துக்கு இரண்டும் தகவலுக்கு இரண்டுமாக நான்கு கம்பிகளைப் பற்றவைத்து, ஆர்டுயினோ என்ற சிறு கணினி போர்டு ஒன்றோடு இணைக்க வேண்டும். பறவை தானாகச் சமநிலைக்குத் திரும்பவேண்டும் என்று விரும்பியவர்கள் அதே வீயின் இன்னொரு துணைக் கருவியான நன்சக்கையும் உடைத்து, அதிலிருந்த முடுக்கமானியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை இது. இன்றைய பொழுதுபோக்கு ட்ரோன்களில் பெரும்பகுதி இந்த மேசை வேலையின் வாரிசுகள் என்று சொன்னால் அது மிகையல்ல.

நான்கு விசிறி வைத்துப் பறக்கும் எண்ணம் பழையது. 1907இல் பிரான்சில் பிரெகே சகோதரர்கள் செய்த நாற்சுழலி மனிதனைச் சுமந்துகொண்டு தரையிலிருந்து சில அடி எழுந்தது. ஆனால் அது சாயாமல் இருக்க நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழும்புவதற்கான பலம் இருந்தது, நிலைகொள்ளத்தான் வழி இல்லை. விமானத்துக்கு இருப்பதுபோல் தானாக நிமிரும் குணம் குவாட்காப்டர் என்னும் நான்கு விசிறி ட்ரோனுக்குக் கிடையாது. உள்ளங்கையில் ஒட்டடைக் குச்சியை நிறுத்திப் பார்ப்பதுபோலத்தான் இது: குச்சி சாய்வதைக் கண் பார்த்து, கை நகர்ந்து, மறுபடி கண் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கும் நகர்வதற்கும் நடுவே தாமதம் கூடினால் குச்சி விழுந்துவிடும். ட்ரோனில் கண்ணின் வேலையை ஜைரோ செய்கிறது, கையின் வேலையை மோட்டார் செய்கிறது. பொழுதுபோக்கு ட்ரோனை மேம்படுத்திய வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த தாமதத்தைச் செதுக்கிக் குறைத்த வரலாறுதான்.

கடையில் வாங்கக் கிடைத்த ஆரம்ப மாதிரிகளில் ஒன்று கனடாவின் சாஸ்கடூன் நகரிலிருந்து 1999இல் வந்த ட்ராகன்ஃப்ளையர். அதை வாங்கியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் ஸ்டார்மாக் திட்டத்துக்கு ட்ராகன்ஃப்ளையரின் உடலை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளிருந்த மின்னணுவியலைக் கழற்றித் தங்களுடையதைப் போட்டார்கள். 2006 இறுதியில் ஜெர்மனியில் ஹோல்கர் பஸ், இங்கோ பஸ்கர் இருவரும் தொடங்கிய மைக்ரோகாப்டர் திட்டம் சர்க்யூட் வரைபடத்தையும் நிரலையும் வெளியிட்டு, வீட்டில் இருப்பவரும் செய்யலாம் என்று காட்டியது. நார்வேயின் ரோல்ஃப் ரூனார் பாக்கே, 'கேப்டன்குக்' என்ற புனைபெயரில் வடிவமைத்த கேகே போர்டு செலவை இன்னும் குறைத்தது. அதில் மூன்று ஜைரோ, ஒரு சிறிய சிப், திருகிச் சரிசெய்ய மூன்று குமிழ்கள். ட்ரோன் நடுங்கினால் கீழே இறக்கி, நுனி மெலிந்த ஸ்குரூ டிரைவரால் குமிழைச் சற்றே திருப்பி, மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். 2012இல் வந்த கேகே 2.0இல் சின்னத் திரை வைத்து, குமிழ்கள் தந்த அளவுகளை எண்களாகப் பார்த்தே மாற்றும்படி செய்தார்கள்.

ட்ரோனின் மூளையான இந்த போர்டுகள் வேகமாகியும் பறத்தல் மந்தமாகவே இருந்தது. குற்றவாளி ஈ.எஸ்.சி. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தி அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன போர்டு அது, ஒரு மோட்டாருக்கு ஒன்று. அன்று கிடைத்த ஈ.எஸ்.சி.கள் பெரும்பாலும் மாதிரி விமானங்களுக்காகச் செய்யப்பட்டவை. விமானத்தில் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றினால் விசிறிக்கும் கியருக்கும் கேடு. எனவே வருகிற கட்டளையை மெதுவாக, சராசரி எடுத்துப் பின்பற்றும்படி அவற்றின் உள்நிரலான ஃபர்ம்வேரை எழுதியிருந்தார்கள். விமானத்துக்கு அது பாதுகாப்பு. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திருத்தம் கேட்கும் குவாட்காப்டருக்கோ அது கைவிலங்கு.

2011 வாக்கில் சைமன் கெர்பி என்ற நிரலாளர் அந்த ஃபர்ம்வேருக்குப் பதிலாகத் தன் நிரலை எழுதி வெளியிட்டார். சைமன்கே என்று எல்லோரும் அழைத்த அந்த நிரல், மென்மைப்படுத்தும் பகுதியைத் தூக்கி எறிந்தது. கட்டளை வந்தவுடன் மோட்டாருக்குப் போனது. மலிவான பல ஈ.எஸ்.சி.களில் ஒரே அட்மெகா8 சிப் இருந்ததால் இது சாத்தியமாயிற்று. ஆனால் தொழிற்சாலை இதற்கென்று செருகுவாய் எதுவும் வைத்திருக்கவில்லை. மேலே சுருக்கியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் கீறி உரித்து, போர்டின் ஓரத்தில் இருந்த குட்டிப் புள்ளிகளைத் தேடி, ஆறு மெல்லிய கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும். இப்படி நான்கு ஈ.எஸ்.சி.க்கும். பிறகு சிப்பின் 32 கால்களின்மேல் நேராக அமுக்கிப் பிடிக்கும் கருவி ஒன்று வந்தது. கம்பி பற்றவைக்காமல், கையால் அழுத்திக்கொண்டே நிரலை ஏற்றிவிடலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஈ.எஸ்.சி.களில் டிரான்சிஸ்டர் இணைப்பு வேறாக இருக்கக்கூடும். தவறான கோப்பை ஏற்றிவிட்டு பேட்டரியைச் செருகினால் புகை வரும். அனுபவசாலிகள் முதல் மின்சாரத்தை ஆம்பியர் குறைத்து வைத்த சப்ளையிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மாற்றிய ட்ரோனுக்கும் மாற்றாததற்கும் இருந்த வித்தியாசம் காற்றடிக்கும் நாளில் கண்ணுக்கே தெரிந்தது. இந்தக் கதையில் மதிப்பு குறைவாகக் கிடைத்த ஒரு வேலை உண்டென்றால் அது இதுதான்.

நார்வேயின் ஸ்டெஃபென் ஸ்காவ்கென் எழுதிய பிஎல்ஹெலி என்ற ஈ.எஸ்.சி. நிரல் இன்னொரு படி முன்னே போனது. வேகத்தைக் கூட்டுவதோடு, கட்டளை வந்ததும் மோட்டாரைப் பிரேக் பிடித்து மெதுவாக்கவும் அது கற்றுக்கொடுத்தது. விசிறி தானாக ஓய்ந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்துச் செதுக்கியது கட்டளையின் நீளத்தை. ரேடியோ கண்ட்ரோல் உலகின் பழைய வழக்கப்படி த்ராட்டில் கட்டளை 1000 முதல் 2000 மைக்ரோநொடி நீளமுள்ள மின்துடிப்பு. 2014 வாக்கில் வந்த ஒன்ஷாட்125 என்ற முறை அதை எட்டில் ஒரு பங்காக்கி 125 முதல் 250 மைக்ரோநொடிக்குள் அடக்கியது. 2016இல் உருவான டிஷாட் துடிப்பின் நீளத்தை அளக்கும் முறையையே கைவிட்டு, கட்டளையை 16 பிட் எண்ணாக அனுப்பியது. டிஷாட்600 வேகத்தில் ஒரு கட்டளைக்கு ஆகும் நேரம் 27 மைக்ரோநொடி. இதனால் ஒரு பெரிய தொல்லையும் ஒழிந்தது. முன்பெல்லாம் த்ராட்டிலை உச்சியில் வைத்து, பேட்டரியைச் செருகி, பீப் ஒலி கேட்டதும் கீழே இறக்கி, நான்கு ஈ.எஸ்.சி.க்கும் அளவு கற்றுக்கொடுக்க வேண்டும். எண்ணுக்கு அந்தப் பாடம் தேவையில்லை.

இதற்கிடையே மல்டிவீ நிரல் 32 பிட் சிப்புகளுக்கு மாறி பேஸ்ஃப்ளைட் ஆனது. அதிலிருந்து கிளீன்ஃப்ளைட், அதிலிருந்து 2015இல் பீட்டாஃப்ளைட் என்று கிளைவிட்டது. நிக்கோலஸ் ஷெர்லாக் எழுதிச் சேர்த்த பிளாக்பாக்ஸ் வசதி பறக்கும்போது ஜைரோ கண்டதையெல்லாம் பதிவுசெய்து, தரையிறங்கிய பின் வரைபடமாகக் காட்டியது. குமிழைத் திருப்பி ஊகித்த காலம் அதோடு முடிந்தது. வரைபடங்கள் புதிய உண்மையையும் காட்டின. மோட்டார் அதிர்வைச் சென்சாரிலிருந்து மறைக்கப் போட்ட வடிகட்டிகளே தாமதத்தைக் கூட்டிக்கொண்டிருந்தன. நிமிடத்துக்கு 30,000 சுற்று சுழலும் மோட்டார் விநாடிக்கு 500 முறை அதிர்கிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் வடிகட்டினால் போதும், ஆனால் அது நொடிக்கு நொடி மாறும். 2019இல் பீட்டாஃப்ளைட் 4.1, டிஷாட் கம்பி வழியாகவே மோட்டாரின் சுழற்சி வேகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, வடிகட்டியை அதன் பின்னாலேயே நகர்த்தியது. மிச்சமிருந்த தடித்த வடிகட்டிகளைத் தளர்த்த முடிந்தது.

உடலிலும் மாற்றங்கள் நடந்தன. பெரிய விசிறி சுழன்ற நாட்களில் அதைக் காந்தத் தண்டில் மாட்டி, மேலே எழும் இறகுப்பக்கத்தின் முதுகில் துளி டேப் ஒட்டிச் சமன்செய்வது வாராந்தர வேலை. கேமரா படம் ஜெல்லி மாதிரி அலையாமல் இருக்க அதுதான் மருந்து. பந்தய ட்ரோன்கள் 3 செல் பேட்டரியில் தொடங்கி, 4 செல்லுக்கும் பிறகு 6 செல்லுக்கும் ஏறின. 600 வாட் எடுக்க 4 செல்லின் 14.8 வோல்ட்டில் 40 ஆம்பியர் வேண்டும், 6 செல்லின் 22.2 வோல்ட்டில் 27 போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கும். 2016 மார்ச்சில் துபாயில் நடந்த பந்தயத்தில் 15 வயது பிரிட்டிஷ் சிறுவன் இரண்டரை லட்சம் டாலர் பரிசு வென்றபோது, இந்த மேசை வேலைக்குள் பணமும் வந்து சேர்ந்தது.

எதிர்த் திசையிலும் ஒரு பாதை போனது. டிஜேஐ நிறுவனம் 2013 ஜனவரியில் விற்கத் தொடங்கிய முதல் ஃபேன்டம் ட்ரோனில் கேமரா கிடையாது. கோப்ரோ கேமராவைத் தொங்கவிட வேண்டும். அதிர்வைத் தாங்கும் ரப்பர், மாற்று விசிறி, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் என்று அதைச் சுற்றி ஒரு சந்தையே உருவானது. அடுத்தடுத்த மாதிரிகள் கேமராவையும் கிம்பலையும் உள்ளேயே கொண்டுவந்தன. வாங்கியவருக்கு வசதி, ஸ்குரூ டிரைவருக்கு வேலை போயிற்று. அமெரிக்காவின் கொலராடோவில் ஜெஸ்ஸி பெர்கின்ஸ் அதற்கு நேர்மாறாக, இன்டக்ட்ரிக்ஸ் என்ற உள்ளங்கை அளவு பொம்மை ட்ரோனில் குட்டிக் கேமராவைப் பற்றவைத்து 'டைனி ஹூப்' என்ற புதிய வகையையே தொடங்கினார். இன்று வீட்டுக்குள் நாற்காலிக் கால்களுக்கு நடுவே நடக்கும் பந்தயங்களுக்கு அதுதான் மூலம்.

இந்தியாவில் 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதியைப் பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்ற விலக்குகளோடு அரசு தடைசெய்தது. பிரித்து அடுக்கிய முழுத் தொகுப்புகளுக்கும் தடை. உதிரிபாகங்களுக்கு மட்டும் தடை இல்லை. எனவே இங்கே வேகமான குவாட்காப்டர் வேண்டுபவர் பாகம் பாகமாக வாங்கிக் கோத்துக்கொள்வதே வழக்கம்.

மூடிய நிரலின் விலையையும் ட்ரோன் ஆர்வலர் வட்டாரம் பார்த்துவிட்டது. பிஎல்ஹெலியின் அடுத்த தலைமுறையான பிஎல்ஹெலி_32, பழையதைப் போலத் திறந்த நிரலாக இல்லாமல் உரிமக் கட்டணத்தில் வந்தது. 2024இல் அதன் வளர்ச்சி நின்றபோது அதைத் தொடர யாரிடமும் மூலநிரல் இல்லை. திறந்த நிரலான ஏஎம்32 அந்த இடத்துக்கு வந்தது. புதிய ஈ.எஸ்.சி.கள் பல அதோடேயே விற்பனையாகின்றன. பழையதை வைத்திருப்பவர்கள் போர்டின் ஓரத்துப் புள்ளிகளில் கம்பி பற்றவைத்து, எஸ்டி-லிங்க் கருவி வழியாகப் பூட்டை அழித்து, அதை ஏற்றிக்கொள்கிறார்கள்.