சித்திரப் படத்து இராமனும் மேல்கோட்டை இராமப்பிரியரும்

வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடம் எழுதும் நம் குழந்தைகள், மிக்கி மவுஸ் முதல் சோட்டா பீம் வரை சித்திரப் படப் பாத்திரங்களின் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பிக்கின்றனர். அப்பாத்திரங்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அவர்களுக்கு உணர்த்துதல் வேண்டும்.

டிஸ்னி நிலையத்து ஓவியரான கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து, பிலிம்ஸ் டிவிஷன் ஓவியர்களுக்கு இக்கலையைப் பயிற்றுவித்தார். அதன் பயனாக, ஜாதகக் கதையைத் தழுவிய ஆலமரத்து மான் படம் 1957-இல் உருவாயிற்று. அவரிடம் பயின்ற இராம் மோகன், பின்னாளில் ஜப்பானியரான யூகோ ஸாகோ, கோயிச்சி ஸஸாகி ஆகியோருடன் சேர்ந்து இராமாயணத்தைச் சித்திரப் படமாக இயக்கினார். 1992-இல் நிறைவுற்ற அப்படம், 2025-இல் தமிழிலும் பேசி நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது.

அந்த இராமன் நமக்கு அயலான் அல்லன். மேல்கோட்டை உற்சவர் செல்வப்பிள்ளைக்கு இராமப்பிரியர் என்றும் திருநாமம் உண்டு. இராமபிரான் வழிபட்ட மூர்த்தி என்பது ஐதிகம். சீதையின் தாகம் தீர்க்க இராமன் அம்பெய்து நீர் வரவழைத்ததாகக் கூறப்படும் தனுஷ்கோடியும் இங்கேயே உள்ளது.

ஆகவே, பெற்றோர்களே, குழந்தைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். பக்கத்துக்கு ஒரு பாத்திரமாகப் படம் வரைந்து, பெயரையும் கதையையும் பிறந்த நாட்டையும் அவர்களே தமிழில் எழுதட்டும். செவிவழி வந்த தமிழ் அவர்கள் கைவழியும் நிலைபெற இஃதோர் இனிய வழியாகும்.