வில்பர் கிளார்க்கின் படங்களும் சட்டத்துக்கு வெளியே நின்றவர்களும்

லாஸ் வேகாஸ் என்றதும் நமக்கு வானத்தைத் தொடும் ஓட்டல்களும் கண் கூசும் விளக்குகளும்தான் ஞாபகம் வரும். 1950 வாக்கில் எடுத்த படங்களைப் பார்த்தால் இது அதே ஊர்தானா என்று சந்தேகம் வந்துவிடும். ஒரு நெடுஞ்சாலை, ஓரமாக இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள், ஒரு நீச்சல் குளம், அதைத் தாண்டினால் புதரும் மணலும், தூரத்தில் மொட்டை மலை. அவ்வளவுதான்! 1930இல் வெறும் 5,165 பேர் இருந்த ஊர் அது. 1931இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே வருடம் பக்கத்தில் ஹூவர் அணை வேலையும் தொடங்கியது. 1950இல் மக்கள்தொகை 24,624, 1960இல் 64,405.

இந்தக் காலத்தைப் பார்க்க எனக்குப் பிடித்த ஜன்னல் வில்பர் கிளார்க் என்ற கேசினோ முதலாளியின் படங்கள். அவரும் மனைவி டோனியும் வைத்திருந்த புகைப்படங்கள் இப்போது லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. (அந்த மாவட்டத்தின் பெயரும் கிளார்க்தான். ஆனால் அது வில்லியம் கிளார்க் என்ற சுரங்க, ரயில்வே அதிபரின் பெயர். நம்மாளுக்கும் அவருக்கும் உறவு கிடையாது.)

இந்த வில்பர், ஓட்டலில் பெட்டி தூக்கும் பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1947இல் டெசர்ட் இன் என்ற ஓட்டலைக் கட்ட ஆரம்பித்தார். பாதியிலேயே பணம் தீர்ந்துபோனது. எலும்புக்கூடு மாதிரி கட்டடம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது கிளீவ்லாந்திலிருந்து மோ டாலிட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் பணத்தோடு வந்தார்கள். டாலிட்ஸ் மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயத்தில் சம்பாதித்தவர். 75 சதவீதப் பங்கு அவர்களுக்குப் போனது. 1950 ஏப்ரலில் ஓட்டல் திறந்தபோது பெயர்ப் பலகையில் மட்டும் "வில்பர் கிளார்க்கின் டெசர்ட் இன்" என்றே இருந்தது.

இது தெரிந்த பிறகு அந்தப் படங்களைப் பாருங்கள். நடிகர்கள், பாடகர்கள், அரசியல்வாதிகள், எல்லோர் பக்கத்திலும் கிளார்க் சிரித்துக்கொண்டு நிற்கிறார். நல்ல சூட், நல்ல சிரிப்பு. பார்க்க வீட்டு ஆல்பம் மாதிரி இருந்தாலும், என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய வேலையே. பணம் போட்டவர்கள் பின்னால் இருந்தார்கள். ஊருக்குக் காட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. 1950 நவம்பரில் செனட்டர் கெஃபாவரின் விசாரணைக் குழு லாஸ் வேகாஸுக்கு வந்தது. கூட்டாளிகளின் பின்னணி பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். கிளார்க் மழுப்பித் தள்ளினார்.

அடுத்த வருடம், 1951 ஜனவரியில், ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி அணுகுண்டுச் சோதனை தொடங்கியது. 1962 வரை அங்கே திறந்தவெளியில் நூறு குண்டுகள் வெடித்தார்கள். மக்கள் பயந்து ஓடினார்கள் என்று நினைக்கிறீர்களா? டெசர்ட் இன் உச்சியில் ஸ்கை ரூம் என்ற மதுக்கூடம் இருந்தது. விடிய விடிய குடித்துவிட்டு அங்கிருந்தே வெளிச்சத்தை வேடிக்கை பார்த்தார்கள்! காற்று வீசிய திசையில் இருந்த யூட்டா கிராமத்து மக்களுக்கு நோய்க்கான நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது 1990இல்தான்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. லூசியானா, அர்கன்சா மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பின மக்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வெஸ்ட்சைடு என்ற பகுதியில் குடியிருந்தார்கள். தார்ச்சாலையும் கழிவுநீர்க் குழாயும் அங்கே தாமதமாகத்தான் வந்தன. பெரிய ஓட்டல்களில் அறையைச் சுத்தம் செய்யலாம், பாத்திரம் கழுவலாம். விருந்தாளியாக நுழைய முடியாது. சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற கலைஞர்களே மேடையில் கைதட்டு வாங்கிவிட்டு, தூங்குவதற்கு வெஸ்ட்சைடுக்குத்தான் போக வேண்டியிருந்தது. முதலாளி கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் நேரத்தில் பாத்திரம் கழுவுகிறவர் சமையலறையில்தானே இருப்பார்? அதனால்தான் இந்தப் படங்களில் நான் நடுவில் நிற்பவரைவிட ஓரங்களை அதிக நேரம் பார்க்கிறேன்.

1955ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலிருந்து நோயல் கவர்ட் டெசர்ட் இன்னில் பாட வந்தார். கொளுத்தும் பாலைவனத்தில் முழு சூட்டோடு, கையில் தேநீர்க் கோப்பையோடு அவர் நிற்கும் படம் உலகப் பிரசித்தம். அதே வருடம் மே மாதம் வெஸ்ட்சைடு பக்கம் மூலான் ரூஜ் என்ற ஓட்டல் திறந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார முடிந்த முதல் பெரிய கேசினோ ஓட்டல் அது. கூட்டம் நன்றாகவே வந்தது, ஆனாலும் அந்த வருடம் முடிவதற்குள் மூடிவிட்டார்கள்.

1960 மார்ச்சில் ஜேம்ஸ் மக்மில்லன் என்ற பல் டாக்டர், உள்ளூர் கறுப்பர் உரிமைச் சங்கத்தின் தலைவர், ஸ்டிரிப் சாலையில் ஊர்வலம் போவோம் என்று கெடு வைத்தார். டூரிஸ்ட்டுகள் முன்னால் ஊர்வலம் என்றதும் முதலாளிகளுக்கு வியர்த்துவிட்டது. மார்ச் 26ஆம் தேதி பேச்சுவார்த்தை, பெரும்பாலான ஓட்டல்கள் கதவைத் திறக்கச் சம்மதித்தன. பேச்சுவார்த்தை நடந்த இடம், மூடிக் கிடந்த அதே மூலான் ரூஜ்!

கிளார்க் 1964இல் தன் பங்கை விற்றார், 1965இல் காலமானார். டெசர்ட் இன் கட்டடத்தை 2001 முதல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 2005இல் வின் ஓட்டல் எழுந்தது.